ஒரு வர்த்தமானிப் பத்தியும் ஆறடி மண்ணும்: இலங்கையில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டது எப்படி

2020 ஏப்ரல் 11ஆம் திகதி இலங்கை அரசு ஓர் அதிவிசேட வர்த்தமானியை வெளியிட்டது. தமிழ்நாட்டு வழக்கில் சொன்னால் அரசிதழ். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இருந்த ஒழுங்குவிதிகளில் 61அ என்று புதிதாக ஒன்றை அது சேர்த்தது. கொவிட்-19 தொற்றால் இறந்தவரின் உடலை, அல்லது அப்படி இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவரின் உடலை, 800 முதல் 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை எரிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். சுகாதார அமைச்சரின் கையொப்பம் போதுமாக இருந்தது. மார்ச் 2ஆம் திகதியே பாராளுமன்றம் கலைக்கப்பட்டுவிட்டதால், கேள்வி கேட்க அவையில் ஆளில்லை.

அந்தப் பத்தியில் முஸ்லிம் என்ற சொல்லே கிடையாது. எல்லா மதத்தவருக்கும் ஒரே விதி. சிறுபான்மை உரிமை பற்றிப் பேசுவோர் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பௌத்தர்களிலும் இந்துக்களிலும் பெரும்பாலானோர் எப்படியும் எரிப்பவர்கள். அவர்களுக்கு அந்த விதி எதையும் பறிக்கவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மக்கள்தொகையில் 9.7 வீதமான முஸ்லிம்களுக்கு, உடலை எரிப்பது மார்க்கம் தடுத்த காரியம். அடக்கம் செய்யும் கிறிஸ்தவர்களும் அகப்பட்டுக்கொண்டார்கள். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் புதைத்துவரும் மலையகத் தமிழர் பலரும் அப்படியே. எழுத்தில் பொதுவான விதி, நடைமுறையில் ஒரு சாராரின் தலையில் மட்டும் விடிந்தது.

முஸ்லிம் ஒருவரின் இறந்த உடலை ஜனாஸா என்பார்கள். ஒருவர் இறந்தால் உயிரோடிருப்பவர்களுக்கு நான்கு கடமைகள்: குளிப்பாட்டுதல், கபன் என்னும் வெள்ளைத் துணியால் சுற்றுதல், ஜனாஸா தொழுகை, நல்லடக்கம். ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. கப்ரில், அதாவது புதைகுழியில், வலப்பக்கமாகச் சாய்த்து, முகம் மக்காவின் திசையான கிப்லாவை நோக்க வைப்பார்கள். ஊரில் சிலர் செய்தால் ஊர் முழுவதன் கடமையும் நீங்கும். யாருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். பர்ளு கிபாயா என்று இதைச் சொல்வார்கள். ஆகவே ஒரு ஜனாஸா எரிக்கப்பட்டால் அது அந்த வீட்டின் துக்கத்தோடு முடிவதில்லை.

தொற்றின் தொடக்கத்தில் சமூகம் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளிவாசல்கள் மூடப்பட்டன, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நின்றது. தொற்றுள்ள உடலைக் குளிப்பாட்ட வேண்டாம், கபனும் வேண்டாம், மூடி முத்திரையிட்ட பையிலேயே இருக்கட்டும், ஓரிருவர் தொழுதால் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள். நான்கில் மூன்று கடமைகளைச் சூழ்நிலைக்கேற்பத் தளர்த்திவிட்டு, நான்காவதை மட்டும் கேட்டார்கள். "முஸ்லிம்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள்" என்று அப்போது கிளம்பிய பேச்சு, இந்த வரிசையை அறியாமல் எழுந்தது. சிலர் அறிந்தேதான் சொன்னார்கள்.

விதி வந்த விதமும் கவனத்துக்குரியது. சுகாதார அமைச்சு முதலில் வெளியிட்ட வழிகாட்டியில் அடக்கத்துக்கும் இடமிருந்தது. மார்ச் 30ஆம் திகதி நீர்கொழும்பில் முதல் முஸ்லிம் கொவிட் மரணம் நிகழ்ந்தது. அந்த உடல் எரிக்கப்பட்டது. மறுநாள், மார்ச் 31இல், வழிகாட்டி திருத்தப்பட்டு அடக்கம் நீக்கப்பட்டது. அதற்கு ஒரு வாரம் முன்னரே, மார்ச் 24ஆம் திகதி, உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டலைத் தந்திருந்தது. தொற்றுநோயால் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை, ஆனால் உண்மையில்லை. எரிப்பதா புதைப்பதா என்பது பண்பாட்டையும் வசதியையும் பொறுத்தது என்று அதில் எழுதியிருந்தது.

அதே மார்ச் 30ஆம் திகதி பம்பாயிலும் இதேபோன்ற ஒன்று நடந்தது. எந்த மதத்தவராக இருந்தாலும் கொவிட் உடல்களை எரிக்க வேண்டும் என்று மாநகராட்சி சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில மணி நேரத்துக்குள் அது திரும்பப் பெறப்பட்டது. பிறகு பாந்த்ரா அடக்கத்தலங்களில் புதைக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். மே 22ஆம் திகதி பம்பாய் உயர் நீதிமன்றம், புதைத்த உடலிலிருந்து தொற்று பரவும் என்பதற்கு ஆதாரமில்லை என்று காரணம் எழுதி மனுக்களைத் தள்ளியது. கண்ணியமான அடக்கமும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. இந்தியாவில் முஸ்லிம்களுக்கு அந்த மாதங்கள் இனிப்பாக இருந்தன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் மாநாட்டைச் சாக்கிட்டு அவர்களுக்கு எதிராக நடந்த பிரசாரம் மறக்கக்கூடியதன்று. என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் நிர்வாகத்தின் தவறு மாலைக்குள் திருத்தப்பட்டது, வழக்குக்குக் காரணத்தோடு தீர்ப்புக் கிடைத்தது. இலங்கையில் இரண்டுமே நடக்கவில்லை.

இலங்கை அரசமைப்பில் இதற்குப் பாதுகாப்பு இல்லாமலில்லை. 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மையான இடம் தருகிறது. அதே வாக்கியத்தில், மற்ற மதங்களுக்கு 10ஆம் உறுப்புரையும் 14(1)(உ) உறுப்புரையும் தரும் உரிமைகளை உறுதிப்படுத்துவதாகவும் சொல்கிறது. 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் பற்றியது. அதற்கு எந்தக் கட்டுப்பாடும் விதிக்க முடியாது. மாற்ற வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு மக்கள் தீர்ப்பும், அதாவது பொது வாக்கெடுப்பும், வேண்டும். 14(1)(உ) மதத்தை வெளிப்படையாக அனுட்டிக்கும் உரிமை. இதைப் பொதுச் சுகாதாரத்துக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று 15(7) அனுமதிக்கிறது.

வழக்கின் மையமே இந்த 15(7)தான். கட்டுப்பாடு "சட்டத்தால்" விதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அது. எது சட்டம் என்பதற்கும் அங்கேயே ஒரு வரி இருக்கிறது: பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகளும் சட்டத்தில் அடங்கும். அப்படியானால் மற்றச் சட்டங்களின் கீழ் அமைச்சர்கள் ஆக்கும் ஒழுங்குவிதிகள் அடங்காது என்றுதானே பொருள்? 61அ வந்ததோ நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ். பாராளுமன்றம் நிறைவேற்றாத ஓர் அமைச்சர் விதியால் அடிப்படை உரிமையைக் கட்டுப்படுத்த முடியாது என்ற வாதம் வலுவானது, எளிமையானதும்கூட. விஞ்ஞானத்துக்குள் போகாமலே வழக்கைத் தீர்த்திருக்கக்கூடிய வாதம் அது.

இலங்கையில் உச்ச நிலையிலுள்ள மன்றத்துக்குத்தான் உயர் நீதிமன்றம் என்று பெயர். அடிப்படை உரிமை மனுவை 126ஆம் உறுப்புரையின் கீழ் நேரடியாக அங்கே தாக்கல் செய்ய வேண்டும். உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள். முதற்படி, மனுவைத் தொடர அனுமதி கேட்பது. விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் அளவுக்கு விஷயம் இருக்கிறதா என்று மட்டும் நீதியரசர்கள் பார்க்கும் கட்டம் இது. அனுமதி கிடைத்தால்தான் சாட்சியங்களோடு முழு விசாரணை. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சிவில் அமைப்பினரும் போட்ட பல மனுக்கள் 2020 இறுதியில் ஒன்றாக எடுக்கப்பட்டன. டிசம்பர் 1ஆம் திகதி மூவரடங்கிய அமர்வு, இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில், தொடர அனுமதி மறுத்தது. காரணம் எழுதப்படவில்லை.

இதன் விளைவை வழக்கறிஞர் அல்லாதவர்கள் சரியாகப் பிடிப்பதில்லை. மனுதாரர் தோற்றார் என்பதோடு அது நிற்கவில்லை. 15(7)இன் பொருள் என்ன, அமைச்சர் வரம்பு மீறினாரா, புதைத்தால் ஆபத்து என்பதற்கு அரசிடம் என்ன தாள் இருக்கிறது — எந்தக் கேள்விக்கும் விடை வரவில்லை. விடை இருந்தால் அடுத்த வழக்கில் அதைத் தாக்கலாம், தாங்கலாம். வெறுமையோடு வாதாட முடியாது. மேல்முறையீடும் கிடையாது. ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போகலாம் என்றால், அந்த வழியைத் திறந்த 1997ஆம் ஆண்டு இணக்கமே அரசமைப்புக்கு ஒவ்வாதது என்று 2006இல் சிங்கராசா வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவைத்திருக்கிறது.

எட்டு நாள் கழித்து, டிசம்பர் 9ஆம் திகதி, பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையின் உடல் கொழும்பில் எரிக்கப்பட்டது. பெற்றோர் சம்மதிக்கவில்லை, கையொப்பமும் இடவில்லை. அதே வாரம், உரிமை கோரப்படாத கொவிட் உடல்களை எரிக்கலாம் என்று அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர் ஆலோசனை வழங்கினார். உரிமை கோராததற்குக் காரணம், கோரினால் எரிப்புக்கு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பதுதான். பிணவறையில் கிடந்தவர்களுக்குச் சொந்தபந்தம் இல்லாமலில்லை. கனத்தை என்று ஊரார் சொல்லும் பொரளை மயான வேலிக்கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணி நாடாக்களைக் கட்டத் தொடங்கினார்கள். கபன் துணியின் துண்டு. கட்டியவர்களில் சிங்களவரும் தமிழரும் இருந்தார்கள். இரவோடிரவாக யாரோ அவிழ்த்துவிட, மறுநாள் வேறு வேலிகளில் ஏறின.

விதியில் இருந்த "சந்தேகிக்கப்படும்" என்ற சொல் செய்த வேலை தனி. பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியத்தையே அது எடுத்துவிட்டது. 2020 மே மாதம் எரிக்கப்பட்ட 44 வயதுப் பெண் ஒருவருக்குத் தொற்றே இருக்கவில்லை என்று பின்னர் தங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதாக அவர் குடும்பத்தினர் கூறினார்கள். புதைத்த உடலைத் தோண்டி மறுபரிசோதனை செய்யலாம். சாம்பலில் எதைத் தேடுவது? தவறினால் திருத்த முடியாத நடவடிக்கைக்குச் சந்தேகத்தைவிடக் கனமான ஆதாரம் கேட்பதுதான் நியாயம்.

நிலத்தடி நீர்தான் அரசின் வாதம். இலங்கையின் பல பகுதிகளில் நீர்மட்டம் மேலே இருக்கிறது, உடலிலிருந்து வைரஸ் கசிந்து கிணற்றை அடையலாம் என்றார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும், அதனால்தான் அது நீடித்தது. ஆனால் கொரோனா வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். உடல் இறந்தபின் எண்ணிக்கை குறையுமே தவிரப் பெருகாது. அது பரவுவது மூச்சுக்காற்று வழி. தொற்றோடு உயிர்வாழ்ந்த ஆயிரக்கணக்கானோரின் கழிவு மலக்குழிகள் வழியே அதே மண்ணில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு வர்த்தமானி எதுவும் வரவில்லை. நீர்மட்டம் ஆழத்தில் உள்ள வறண்ட இடம், கொங்கிரீட் பூசிய குழி என்று மாற்று யோசனைகள் பேசப்பட்டன. ஓர் உரிமையைக் கட்டுப்படுத்துமுன் அதைவிடக் குறைந்த பாதிப்புள்ள வழி உண்டா என்று பார்ப்பது மனித உரிமைச் சட்டத்தின் அரிச்சுவடி. இங்கே வழிகள் மேசைமேல் இருந்தும் பதினொரு மாதம் யாரும் தொடவில்லை.

அதற்குள் ஆதாரச் சுமை தலைகீழாகிவிட்டது. ஆபத்து உண்டென்று அரசு நிறுவ வேண்டிய இடத்தில், ஆபத்து இல்லையென்று முஸ்லிம்கள் நிறுவ வேண்டியதாயிற்று. இல்லாத ஒன்றை இல்லையென்று நிறுவ எந்தச் சமூகத்தாலும் முடியாது. நிறுவியபோதும் பயன் கிட்டவில்லை. பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழு 2020 டிசம்பர் இறுதியில் எரிக்கலாம், புதைக்கவும் செய்யலாம் என்று பரிந்துரைத்தது. இலங்கை மருத்துவச் சங்கமும் அதே கருத்தை வெளியிட்டது. 2021 ஜனவரி 7ஆம் திகதி சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பாராளுமன்றத்தில் எழுந்து, கொள்கையில் மாற்றமில்லை, தீர்மானிக்கும் பிரதான குழு வேறு என்றார். எந்தக் குழுவின் தாளை மேலே வைப்பது என்று தேர்ந்தெடுக்கும் கை அரசியல்வாதியுடையதாக இருக்கும்வரை "நிபுணர்கள் சொல்கிறார்கள்" என்பது கேடயம்தான்.

இதன் வேர் கொரோனாவுக்கு முந்தியது. முஸ்லிம்கள் மீது 2014இல் அளுத்கமவிலும் 2018இல் திகனவிலும் நடந்த வன்முறை, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் மே மாதத்தில் நடந்த தாக்குதல்கள் என்று பழியும் பயமும் அடுக்கடுக்காக ஏறியிருந்தன. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ பெரும்பாலும் சிங்கள வாக்குகளால் வென்றார். எரிப்பு விதியைத் தளர்த்துவதால் அவரது வாக்கு வங்கிக்கு இலாபமில்லை, தளர்த்தாமல் இருப்பதால் நட்டமுமில்லை. பெரும்பான்மை வாக்கால் ஆட்சி அமைவது ஜனநாயகம். யாருடைய வாக்கு ஆட்சிக்குத் தேவைப்படவில்லையோ அவர்களின் குறையைக் கேட்க நீதிமன்றமும் பாராளுமன்றமும் இருப்பதும் அதன் பாதி.

பாராளுமன்றத்துக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது. 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி, ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய 20ஆம் திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. எதிரணியில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலர் கட்சி நிலைப்பாட்டை மீறி ஆதரவாகக் கை தூக்கினார்கள். ஜனாஸா விவகாரம் தீரும் என்ற எதிர்பார்ப்பே காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. ஆறு வாரத்தில் நீதிமன்றம் கைவிரித்தது, எரிப்பும் தொடர்ந்தது. உரிமையைப் பேரம் பேசும் பொருளாக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நமக்குத் தெரிந்து இதைவிடத் துல்லியமான உதாரணம் இல்லை. விலை முன்பணமாகப் போயிற்று, சரக்கு வரவில்லை.

கடைசியில் கதவைத் திறந்தது வெளிநாட்டுக் காற்று. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்கள் 2021 ஜனவரியில் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். பிப்ரவரி 10ஆம் திகதி பிரதமர் மகிந்த ராஜபக்ஷ, அடக்கத்துக்கு அனுமதி உண்டு என்று அவையில் சொன்னார். உடனே அரசுக்குள்ளிருந்தே, தீர்மானிக்க வேண்டியது நிபுணர் குழு என்ற குரல் வந்தது. பிப்ரவரி 22இல் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியது. அங்கே இலங்கைக்கு எதிரான தீர்மானம் காத்திருந்தது, இஸ்லாமிய நாடுகளின் வாக்கு கொழும்புக்கு வேண்டியிருந்தது. 23, 24ஆம் திகதிகளில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பில். 25ஆம் திகதி புதிய வர்த்தமானி. 61அ விதியில் "தகனம்" இருந்த இடத்தில் "தகனம் அல்லது அடக்கம்" என்றாயிற்று. நிலத்தடி நீரைப் பற்றி அந்த வாரத்தில் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அனுமதி கிடைத்தும் சொந்த ஊர் மையவாடி, அதாவது அடக்கத்தலம், கிடைக்கவில்லை. முதலில் அரசு காட்டிய இடம் கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவு. 1992இல் கடற்படையால் வெளியேற்றப்பட்டு, கால் நூற்றாண்டு அலைந்து 2018இல்தான் திரும்பியிருந்த கத்தோலிக்கத் தமிழ் மீனவர்களின் தீவு அது. அவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள், முஸ்லிம் தலைவர்களும் அந்த இடம் வேண்டாம் என்றார்கள். ஒரு சிறுபான்மையின் குறையை இன்னொரு சிறுபான்மையின் வாசலில் இறக்கிவைத்து இரண்டையும் மோதவிடும் வேலை என்பது இரு தரப்புக்கும் புரிந்திருந்தது.

பிறகு மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில், மஜ்மா நகர் காணி தெரிவாயிற்று. முதல் அடக்கம் மார்ச் 5ஆம் திகதி நடந்தது. நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் உடல் அங்கேதான் போக வேண்டும், இராணுவ மேற்பார்வையில். கூடப் போக ஒரு சில உறவினருக்கே அனுமதி. கொழும்பில் இறந்தவரின் பிள்ளைகள் தகப்பன் கப்ரில் நின்று துஆ என்னும் பிரார்த்தனை கேட்கத் தீவின் மறுகரைக்குப் பயணப்பட வேண்டும். ஓராண்டு கழித்து, 2022 மார்ச் 5இல் இந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டபோது 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடங்கியிருந்தார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். பௌத்தர், இந்துக்கள், கிறிஸ்தவர்களும் உண்டு. இலங்கையில் நான்கு மதத்தவரும் ஒரே மண்ணில் அருகருகே கிடக்கும் இடம் அரிது. இது யாரும் திட்டமிட்டு வந்த நல்லிணக்கமன்று.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. 276 முஸ்லிம்கள் எரிக்கப்பட்டதாக அரசின் கணக்கு. ஆதாரமாகக் காட்டப்பட்டவற்றில் நீர் வழங்கல் அமைச்சும் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகமும் செய்த நீர் ஆய்வுகள் இருந்தன: வைரஸ் நீருக்கு வருவது மலத்தாலும் சிறுநீராலும், முறையாகப் புதைத்த உடல்களால் அன்று. அடக்கமா தகனமா என்பதைத் தாமோ உறவினரோ தீர்மானிக்கும் உரிமையைத் தரும் சட்டம் ஒன்றைக் கொண்டுவரவும் அமைச்சரவை இணங்கியது.

மன்னிப்பு யார் செய்ததற்கு என்பது அதில் இல்லை. எந்த நிபுணர், எந்தத் திகதியில், எந்த ஆய்வை வைத்து அடக்கத்தை நீக்கச் சொன்னார் என்ற தாள் வெளிவந்தால்தான் 2020 மார்ச் 30க்கும் 31க்கும் இடையே நடந்தது தெரியும். நீதிமன்றம் எழுதாமல் விட்ட காரணமும் அப்படியே நிற்கிறது. சட்டத்தின் பக்கத்தில் செய்ய வேண்டியதும் சிறியதுதான்: 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் எந்த ஒழுங்குவிதியும் அடிப்படை உரிமையைத் தொட்டால், குறித்த நாட்களுக்குள் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வர வேண்டும், அவை கலைந்திருந்தால் புதிய அவை கூடும் முதல் வாரத்தில் வர வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்ப்பது. அப்படி ஒன்று இருந்திருந்தால் 61அ, 2020 ஓகஸ்ட் 20ஆம் திகதி புதிய பாராளுமன்றம் கூடிய வாரத்திலேயே அவைக்கு வந்திருக்கும். அந்த இருபது நாள் குழந்தை அப்போது பிறந்திருக்கவில்லை.